காய், செங்காய், பழம்: எந்தப் பதத்துக்கு எந்தச் சமையல்?

கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் பக்கம் வாழை போட்டிருக்கும் உறவுக்காரர் ஒருவர் இருந்தால் போதும், வருஷத்தில் ஒருநாள் முழுத் தார் ஒன்று வீட்டுத் திண்ணையில் வந்து இறங்கிவிடும். இரண்டு மூன்று நாள் எல்லாம் பச்சையாகவே கிடக்கும். பிறகு மேல் சீப்பு மஞ்சள் பிடிக்கும். அதைத் தின்று முடிப்பதற்குள் மற்ற சீப்புகளும் சேர்ந்து பழுத்துவிடும். அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தும் தீராது. கடைசியில் பாதித் தார் மாட்டுக்குப் போகும். மாட்டுக்குச் சந்தோஷம்தான்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு பழம் உரித்துத் தின்பது, இல்லாவிட்டால் மிக்ஸியில் போட்டு ஜூஸ் அடிப்பது என்று இரண்டே வழியோடு நின்றுவிட்டால் அப்படித்தான் ஆகும். வாழை, மா, பலா, பப்பாளி போன்ற வெப்பநாட்டுப் பழங்களுக்குப் பிஞ்சில் தொடங்கித் தளர்ந்து கனிவது வரை பல பதங்கள் உண்டு. ஒவ்வொரு பதமும் சமையலில் ஒவ்வொரு வேலைக்கு ஆகும். அந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால், சமையல் குறிப்பு தேடாமலேயே எந்தப் பழத்தை எதில் சேர்க்கலாம் என்று உங்களுக்கே கைவந்துவிடும்.

பழுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது

பச்சை வாழைக்காயின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. அதனால்தான் அது வறுவலுக்கும் பஜ்ஜிக்கும் உருளைக்கிழங்கு மாதிரி நடந்துகொள்கிறது. பழுக்கப் பழுக்க இந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. நன்றாகக் கனிந்த பழத்தில் மிஞ்சும் மாவுச்சத்து ஒன்று, இரண்டு சதவீதம்தான். கூடவே காயைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருந்த பெக்டின் கரைந்து சதை இளகுகிறது, துவர்ப்பு அடங்குகிறது, மணம் எழுகிறது. மாங்காயில் இன்னொன்றும் நடக்கும். அதன் புளிப்பு அமிலங்கள் குறைந்துகொண்டே வந்து இனிப்பு மேலே வரும். அந்த இடைப்பட்ட நிலையில் புளிப்பும் இனிப்பும் சரிபாதியாக நிற்பதைத்தான் நாம் செங்காய் என்கிறோம்.

இதையெல்லாம் முடுக்கிவிடுவது எத்திலீன் என்ற வாயு. காயே அதை வெளிவிடும். பக்கத்தில் இருக்கும் காய்க்கும் அது போய்ச் சேரும். ஒரு சீப்பு பழுத்ததும் தார் முழுவதும் பின்னாலேயே பழுப்பது இதனால்தான். அரிசிப் பானைக்குள் மாங்காயைப் புதைத்து வைப்பதும், வைக்கோல் மூடிப் பழுக்கப் போடுவதும் இந்த வாயு வெளியேறாமல் பார்த்துக்கொள்ளும் வேலைதான். வியாபாரிகள் அறையில் எத்திலீன் வாயு விட்டுப் பழுக்கவைப்பதற்குச் சட்டத்தில் அனுமதி உண்டு. கார்பைடு கல் வைப்பதற்குத் தடை. தோல் முழுக்க ஒரே சீராக மஞ்சளடித்து, முகர்ந்தால் மணமே இல்லாமல், அறுத்தால் உள்ளே வெளிறிப் புளிக்கும் மாம்பழத்தைக் கண்டால் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள்.

எல்லாப் பழமும் பறித்த பிறகு பழுக்காது. வாழை, மா, பலா, பப்பாளி, கொய்யா, சப்போட்டா, சீத்தா எல்லாம் பழுக்கும். அன்னாசி பழுக்காது. வீட்டில் வைத்திருந்தால் தோல் மஞ்சளாகும், சதை இளகும், ஆனால் இனிப்பு ஒரு துளியும் ஏறாது. ஏனென்றால் சர்க்கரையாக மாற்ற அதனிடம் மாவுச்சத்து இருப்பு இல்லை. அன்னாசியை அடிப்பக்கம் முகர்ந்து பார்த்து, மணம் வந்தால் மட்டும் வாங்குங்கள்.

உழவர் சந்தையிலோ வாரச் சந்தையிலோ பழம் விற்கும் அக்கா, "இன்னைக்குச் சாப்பிடறதுக்குங்களா, நாளைக்குங்களா?" என்று கேட்பார். புதிதாகச் சமையல் பழகுகிறவர்கள் பெரும்பாலும் "இன்னைக்குத்தாங்க்கா" என்று சொல்லி, இருப்பதிலேயே கனிந்ததை வாங்கிப் போவார்கள். "ரெண்டும் கலந்து போடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு காய், இரண்டு செங்காய், இரண்டு பழம் என்று வாங்கினால் வாரம் முழுவதும் மூன்று விதமான சமையல் ஓடும்.

வாழை

கொங்கு நாட்டுச் சமையலறையில் பழம் என்றால் முதலில் வாழைதான். சாம்பல் பூத்த தடித்த மொந்தன் காயாகவே சமையலுக்கு ஆகும். பூவனில் லேசான புளிப்பு உண்டு. ரஸ்தாளி உரித்துத் தின்பதற்கு. கதலி கோபி, சத்தி வயல்களில் நிறைய விளைகிறது, சின்னப் பழம், குழந்தைகளுக்குத் தோதானது. செவ்வாழை விலை கூடுதல். நேந்திரம்தான் எனக்குப் பிடித்த வாழை. காயாகவும் பழமாகவும் இரண்டு பக்கமும் நன்றாக வேலை செய்யும் வாழை அது. மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம் பக்கம் விளைகிற நேந்திரம் லாரி லாரியாகப் பாலக்காட்டுக் கணவாய் தாண்டிக் கேரளத்துக்குப் போகிறது. ஓணம் சமயத்தில் இங்கே அதன் விலையைக் கேட்டால் தெரியும்.

நேந்திரங்காயைச் சீவித் தேங்காய் எண்ணெயில் பொரித்தால் சிப்ஸ். தோலில் கறுப்புப் புள்ளி விழத் தொடங்கிய பழத்தைத் தோலோடு இரண்டு மூன்று துண்டாக நறுக்கி, இட்லிப் பானையில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆவியில் வைத்தால் காலை ராகிப் புட்டுக்கு வேறு தொடுகறி வேண்டாம். ஆவியில் வெந்ததும் தோல் தானாகப் பிளந்து விலகும். உள்ளே தேன் நிறத்தில் இருக்கும். புட்டோடு பிசைந்து, துருவிய தேங்காய் ஒரு கை போட்டுச் சாப்பிட வேண்டியதுதான். இதற்குச் சர்க்கரை சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அதிகப்படி.

இன்னும் கனிந்து, தோல் கறுத்து, தொட்டால் குழையும் பதத்துக்கு வந்துவிட்டதா? அதைத் தூக்கிப் போடத்தான் கை போகும். மாவில் சேர்ப்பதற்கு அந்தப் பதம்தான் வேண்டும். இரண்டு பழத்தைக் கட்டியில்லாமல் மசித்து, ஒரு டம்ளர் கோதுமை மாவு, கால் டம்ளர் அரிசி மாவு, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் சேர்த்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி இட்லி மாவுப் பதத்துக்குக் கரையுங்கள். நாட்டுச் சர்க்கரை வழக்கமாகப் போடுவதில் பாதி போதும். மீதி இனிப்பைப் பழம் கொடுத்துவிடும். பணியாரக் குழியில் நெய் விட்டு, அடுப்பைக் குறைத்து வைத்துச் சுடுங்கள். பழத்துச் சர்க்கரை சீக்கிரம் கருகும். பெரிய தீயில் வைத்தால் வெளியே கறுத்து உள்ளே மாவாகவே நிற்கும். குச்சியால் குத்திப் பார்த்து ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம். இதே மசித்த பழத்தைச் சப்பாத்தி மாவில் பிசைந்தால், பள்ளிக்கூட டப்பாவில் மத்தியானம் வரை சப்பாத்தி விறைக்காமல் இருக்கும்.

வாழைப்பழத்தைக் கெடாமல் வைக்கும் முறைக்கு நம் பக்கத்திலேயே பெரிய பாடம் ஒன்று இருக்கிறது: பழனிப் பஞ்சாமிர்தம். விருப்பாச்சி மலை வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், அதோடு பேரீச்சையும் கற்கண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. மலை வாழையில் ஏற்கெனவே ஈரம் குறைவு. அந்தக் குறைந்த ஈரத்தையும் சர்க்கரை தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. கிருமி வளரத் தண்ணீர் கிடைக்காது. 2019இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டில் செய்வதானால் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை வாங்கிக்கொள்ளுங்கள். கையும் பாத்திரமும் துளி ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். மிக்ஸி கூடாது, கையால் பிசைவதே சரி. கோயிலில் வாங்குவது போல நாள்கணக்கில் நிற்கும் என்று நம்பாமல், ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் முடித்துவிடுவது நல்லது. தோசைக்கும், சந்தகை என்று நாம் சொல்லும் அரிசிச் சேவைக்கும் தொட்டுக்கொண்டால் அதற்குள் எப்படியும் தீர்ந்துவிடும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் கொடுக்காதீர்கள்.

ஃபிரிட்ஜ் என்றதும் ஒன்று: பச்சை வாழைக்காயைப் பழுப்பதற்கு முன் உள்ளே வைத்தால் தோல் கறுத்துவிடும், அப்புறம் வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. மாங்காயும் அப்படித்தான். பழுத்த பிறகு வைக்கலாம். தோல் கறுக்கும், உள்ளே ஒன்றும் ஆகாது.

மா

சேலம் மல்கோவா வாங்கினால் சமைக்க வேண்டாம். தோலைச் சீவி, துண்டு போட்டு, தயிர்ச் சோற்றுக்குப் பக்கத்தில் வையுங்கள், அவ்வளவுதான். இமாம்பசந்துக்கும் இதுவே நியாயம். விலை கொடுத்து வாங்கிய மணத்தை அடுப்பில் ஏற்றி ஆவியாக்குவானேன்? சமையலுக்கு வேண்டியது நார் உள்ள நாட்டு மாம்பழம், சீசன் கடைசியில் வரும் நீலம், கொஞ்சம் புளிப்பு தங்கிய பழம். கிளிமூக்கு என்று நாம் சொல்லும் பெங்களூரா காயாக இருக்கும்போதே உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்பதற்குத் தோதானது. கிருஷ்ணகிரி பக்கத்துக் கூழ் ஆலைகளுக்குப் போவதும் பெரும்பாலும் அதுதான்.

மாங்காயைப் புளிக்குப் பதிலாக வைத்துப் பார்த்தால் அதன் பயன் உடனே புரியும். கொள்ளு ரசத்தில் புளியைப் பாதியாகக் குறைத்து இரண்டு கீற்று மாங்காய் போடலாம். துவரம்பருப்பில் போடலாம். கம்மங்கூழுக்கு மாங்காய்க் கீற்று எப்போதும் ஜோடிதான், தள்ளுவண்டிக் கூழ்க்கடையில் அதற்காகவே இரண்டாவது சொம்பு வாங்குகிறவர்கள் உண்டு. சித்திரை ஒன்றாம் தேதி மாங்காய், வெல்லம், வேப்பம்பூ, மிளகாய், உப்பு எல்லாம் சேர்த்துப் பச்சடி வைக்கிறோமே, அதை அந்த ஒரு நாளோடு நிறுத்திவிட வேண்டியதில்லை. வேப்பம்பூ இல்லாமல் வாரம் ஒருமுறை வைக்கலாம். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது.

புளிப்பும் இனிப்பும் கலந்து நிற்கும் பழத்துக்கு மோர்க்குழம்பு. பாலக்காட்டுப் பக்கம் மாம்பழப் புளிசேரி என்று வைப்பார்கள். பொள்ளாச்சி, கோயமுத்தூர் வீடுகளிலும் கொஞ்சம் மாற்றி வைப்பதுண்டு. மூன்று சின்ன மாம்பழத்தைத் தோலுரித்துக் கொட்டையோடு முழுசாகவே பாத்திரத்தில் போட்டு, மஞ்சள்தூள், உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். அரை மூடித் தேங்காய், இரண்டு பச்சை மிளகாய், அரை ஸ்பூன் சீரகம், ஊறவைத்த அரிசி ஒரு ஸ்பூன் இவற்றை நைசாக அரைத்து ஊற்றி, பச்சை வாசம் போகக் கொதிக்கவிடுங்கள். அப்புறம் தீயைக் குறைத்து, கடைந்த புளித்த தயிர் ஒரு டம்ளர் சேர்த்து, ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் தயிர் திரிந்துவிடும். அரிசி அரைத்துவிடுவதும் அதைத் தடுக்கத்தான். தேங்காய் எண்ணெயில் கடுகு, வெந்தயம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். சோற்றைப் பிசைந்தபின் அந்தக் கொட்டையை எடுத்துச் சப்புவதற்கு வீட்டில் போட்டி வரும்.

பப்பாளியும் அன்னாசியும்: நொதியைக் கையாளும் விதம்

இந்த இரண்டிலும் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. பப்பாளியில் இருப்பது பப்பெய்ன். காயைக் கீறினால் வடிகிற பாலில்தான் அது அதிகம். பழுத்துவிட்டால் குறைந்துவிடும். கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'கோ' வரிசைப் பப்பாளிகளில் கோ 2, கோ 5 போன்றவை பால் எடுப்பதற்கும் பேர்போனவை. முற்றிய வெள்ளாட்டுக் கறியோ வயதான நாட்டுக்கோழியோ கிடைத்தால், அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி பப்பாளிக்காய் விழுதைத் தோலோடு அரைத்துப் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். சூடு ஏற ஏற நொதி இன்னும் வேகமாக வேலை செய்யும். கொதி நிலைக்குப் போனதும் அழிந்துவிடும். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் கறி கறியாக இருக்காது, கூழாகிவிடும். விழுதரைக்க நேரமில்லாவிட்டால் குழம்பு கொதிக்கும்போதே நாலு துண்டு காயைப் போடுகிற பழக்கமும் நம் வீடுகளில் உண்டு.

கறி சாப்பிடாதவர்களுக்கும் பப்பாளிக்காய் நல்ல காய்தான். சுரைக்காய்க்குச் செய்வது எல்லாம் இதற்கும் பொருந்தும்: பாசிப்பருப்புக் கூட்டு, தேங்காய் போட்ட பொரியல். கர்ப்பிணிகள் பால் வடியும் காயைத் தவிர்த்துவிடுவது நல்லது.

அன்னாசியில் இருப்பது புரோமெலெய்ன். பச்சையாக நறுக்கித் தயிரில் போட்டுச் சற்று நேரம் வைத்தால் தயிர் நீர்த்துக் கசக்கத் தொடங்கும். நொதி பால் புரதத்தை உடைப்பதால் வரும் கசப்பு அது. துண்டுகளை ஐந்து நிமிஷம் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சேர்த்தால் கசப்பே வராது. அன்னாசிப் பச்சடிக்கும், பால் சேர்த்துச் செய்யும் பாயசத்துக்கும் இதுதான் சூட்சுமம். கொல்லிமலை அன்னாசி நாமக்கல், சேலம் சந்தைகளில் கிடைக்கும்போது ரசம் வைத்துப் பாருங்கள். புளியை விட்டுவிடுங்கள். தக்காளி ஒன்றே ஒன்று போதும். பருப்புத் தண்ணீர், மிளகு சீரகப் பொடி, பாதி அன்னாசியை நசுக்கியும் பாதியைப் பொடியாக நறுக்கியும் போட்டு நுரைத்ததும் இறக்க வேண்டும்.

மற்றவை

அதே கொல்லிமலையிலிருந்து பலாவும் வரும். பிஞ்சைக் கறிக்குழம்பு மசாலாவில் வைத்தால் அசைவம் சாப்பிடாதவர்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை மணக்கும். பழுத்த சுளை அப்படியே தின்பதற்கு. கொட்டையை எறிந்துவிடாதீர்கள். வேகவைத்து வெள்ளைத் தோலை உரித்துக் கத்தரிக்காயோடு புளிக்குழம்பில் போடலாம். அறுப்பதற்கு முன் கைக்கும் கத்திக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பிசினோடு ராத்திரி வரை மல்லுக்கட்ட வேண்டும்.

சப்போட்டாவைச் சமைக்கவே கூடாது என்பது என் கட்சி. விளாம்பழத்தை உடைத்து நாட்டுச் சர்க்கரையோடு பிசைந்தால் போதும். கல்லாறு, பர்லியாறு பக்கம் குன்னூர் மலைப்பாதையில் சீசனில் விற்கும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வண்டியை நிறுத்தி அங்கேயே தின்பதற்குத்தான், வீடு வரை வந்து சேராது.

கொய்யாவை மட்டும் அப்படிக் கடந்துபோக முடியாது. பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடிச் சந்தையிலிருந்து கொங்கு நாடு முழுக்க வரும் இந்தச் சாதாரணப் பழத்தில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமை ஒட்டி வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் இருப்பதைப் போல நாலு மடங்கு. நம் கம்பு, ராகி, கொள்ளு, கீரை இவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ளாது. அதே வேளையில் வைட்டமின் சி உள்ளே போனால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அதனால் களியோ கம்பஞ்சோறோ சாப்பிடும் தட்டிலேயே அரைக் கொய்யாவைச் சீவி, உப்பு மிளகாய்த்தூள் தூவித் தொடுகறி போல வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் தனியாகத் தின்றால் இந்தப் பலன் கிடைக்காது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தாலும் கெட்டுவிடும், டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கொய்யாவை வேகவைத்தால் வைட்டமின் சி குறையும், ஆகவே சட்னி அரைப்பதானாலும் பச்சையாகவே அரையுங்கள். அதற்குச் செங்காய்ப் பதம் வேண்டும். பச்சை மிளகாய், இஞ்சி, கொத்தமல்லித் தழை, உப்பு சேர்த்து அரைத்து, விதை உறுத்தினால் வடிகட்டிக்கொள்ளலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டில் இந்தப் பேச்சு எடுத்தாலே ஒரு தயக்கம் வரும். 100 கிராம் மாம்பழத்தில் ஏறக்குறைய 14 கிராம் சர்க்கரை, வாழைப்பழத்தில் 12, கொய்யாவில் 9, பப்பாளியில் 8. பழத்தைச் சாப்பாட்டோடு சேர்க்கும்போது சோற்றில் அதற்கு ஈடாக ஒரு கரண்டியைக் குறைக்க வேண்டும். மேலே மேலே சேர்த்துக்கொண்டே போகக் கூடாது. எவ்வளவு என்பதை அவரவர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஜூஸ் யாருக்குமே அவ்வளவு நல்லதில்லை. வடிகட்டும்போது நார் போய்விடும், மூன்று பழத்துச் சர்க்கரை ஒரே மடக்கில் உள்ளே போகும்.

சீசன் முடியும்போது மலிவாகக் கிடைக்கும் மாங்காயை வத்தல் போட்டு வைத்துக்கொள்ளலாம். கெட்டியான காயாகப் பார்த்து வாங்கித் தோலோடு கீற்றாக நறுக்கி, கல்லுப்பும் மஞ்சள்தூளும் பிசறி ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். உப்பு உள்ளேயிருக்கும் தண்ணீரை இழுத்து வெளியே விடும். மறுநாள் கீற்றுகளைப் பிழிந்து வெயிலில் காயப்போட்டு, சாயங்காலம் திரும்ப அந்த உப்புத் தண்ணீரிலேயே போடுங்கள். தண்ணீர் வற்றும் வரை இப்படியே செய்து, பிறகு ஒடித்தால் ஒடிகிற அளவுக்குக் காய்ந்ததும் ஜாடியில் போட்டு மூடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய் விலை ஏறிக் கிடக்கும்போது ஐந்தாறு வத்தலை வெந்நீரில் ஊறவைத்துப் புளிக்குழம்பில் போட்டால் போதும். குழம்புக்குத் தனியாக உப்புப் போடுவதற்கு முன் ஒருதடவை ருசி பார்த்துக்கொள்ளுங்கள்.